கோம்பை நாய்க்கு வேட்டை வேண்டாம்... வேலை வேண்டும்!

உத்தமபாளையத்தில் போடி போகும் பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்திலேயே கோம்பை வந்துவிடும். அதைத் தாண்டினால் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், அப்புறம் தேவாரம். வழி நெடுக இடதுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அதன் உச்சியில் கேரளத்தின் ராமக்கல்மேடு. வலதுபக்கம் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். அதற்கும் அப்பால், கிழக்கே நீலமாகத் தெரிவது மேகமலை.

இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரால் செழித்தது. நெல்லுக்கும் பன்னீர் திராட்சைக்கும் பேர்போனது. கோம்பைக்கு மட்டும் கூடுதலாக இன்னொரு பெருமை உண்டு. அது ஒரு நாய்!

செம்பழுப்பு உடல், கறுத்த முகம், இறுகிய தசை, எதற்கும் பின்வாங்காத குணம். இதுதான் கோம்பை நாய். ராஜபாளையம், சிப்பிப்பாறை போல இதுவும் ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாய். 2020 ஆகஸ்ட்டில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர் மோடி நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையின் பெயரையும் சொன்னார். அதைக் கேட்டுப் பூரித்துப்போனவர்கள் தேனி மாவட்டத்தில் ஏராளம்.

ஆனால், இந்தப் பெருமைக்குப் பின்னால் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. ‘கோம்பை நாய் எதற்குப் பேர்போனது?’ என்று கேட்டால், காவலுக்கு என்ற பதிலோடு வேட்டைக்கு என்ற பதிலும் சேர்ந்தே வரும். பாளையக்காரர்கள் காலத்தில் காட்டுப்பன்றியையும் மானையும் விரட்டிப் பிடிக்க வளர்த்த நாய் இது. அந்தக் காலம் போய்விட்டது. அந்த ஆசை மட்டும் முழுதாகப் போகவில்லை. ‘நம்ம நாய் மானையே மடக்கிடும்’ என்று நிரூபித்துக்காட்டத் துடிக்கிற கை, இன்றும் சில இடங்களில் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறது.

நாயை ஏவி மானை வேட்டையாடுவதை நிறுத்த வேண்டும் என்ற குரல் உலகின் பல மூலைகளில் ஒலித்திருக்கிறது. இங்கிலாந்தில் அது 80 ஆண்டுகள் நடந்த போராட்டம். நம் ஊரில் அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மீதமிருப்பது மனசு மாறுவதுதான்.

மானுக்கு என்ன ஆகிறது?

துப்பாக்கி வேட்டையில் மான் சில நொடிகளில் விழுந்துவிடலாம். நாய் வேட்டை அப்படியல்ல. அது ஓடவிட்டுக் களைக்கவைக்கும் வேட்டை.

மான் குறுகிய தூரத்தை அசுர வேகத்தில் ஓடி மறையப் படைக்கப்பட்ட விலங்கு. புலியிடமிருந்தோ சிறுத்தையிடமிருந்தோ தப்ப அந்தச் சில நொடி ஓட்டம் போதும். நாய்கள் அதைத் தொடர்ந்து விரட்டும்போது, அதன் உடல் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தசையில் சேமித்துவைத்திருக்கும் சக்தி தீர்ந்துபோகும். உடல் சூடு ஏறும். ரத்தத்தின் தன்மையே மாறும். தசைகள் சேதமாகும்.

இதை அளந்தே பார்த்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானி பேட்ரிக் பேட்சன். எலிசபெத் பிராட்ஷாவுடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வின் முடிவு 1997-ல் வெளியானது. அங்கே வேட்டை நாய்கள் விரட்டும் செம்மான் சராசரியாக 3 மணி நேரம், சுமார் 19 கிலோமீட்டர் ஓடுகிறது என்று அது சொன்னது. நம் ஊர்க் கணக்கில், உத்தமபாளையத்தில் கிளம்பி தேவாரத்தையும் தாண்டி ஓடுவதற்குச் சமம். அதுவும் உயிர் பயத்தோடு!

நம் மலைகளில் இருப்பது கடமான். ‘மிளா’ என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தியாவின் மிகப்பெரிய மான் இனம். நாய்கள் துரத்தினால் மிளா பெரும்பாலும் தண்ணீரைத் தேடும். ஓடையிலோ குளத்திலோ இறங்கி, கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நிற்கும். அது வீரம் அல்ல. இனி ஓட முடியாது என்ற நிலை. வேட்டைக்காரர்கள் காத்திருப்பதும் அந்த நிமிஷத்துக்காகத்தான்.

தப்பித்த மானும் பிழைத்துவிட்டதாக அர்த்தமில்லை. அளவுக்கு மீறி விரட்டப்பட்ட மான், நாய் பல்லே படாவிட்டாலும், தசை சிதைந்து சில மணி நேரத்திலோ சில நாளிலோ இறந்துபோகலாம். கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. மானைப் பிடிக்கும்போதும் இடம் மாற்றும்போதும் அவர்கள் அதிகம் அஞ்சுவதே இந்த ஆபத்துக்குத்தான்.

நாய்க்கும் இது விளையாட்டல்ல. மிளாவின் உதையும் பன்றியின் கொம்பும் வயிற்றைக் கிழித்துவிடும். குட்டியிலிருந்து சோறூட்டி வளர்த்த நாயைக் காட்டுக்குள் ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிவருவது எந்தப் பெருமையில் சேரும்?

துரைமார் காட்டிய வழி

நாய்ப் பட்டாளத்தோடு வேட்டைக்குப் போவது ஏதோ நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதைப் பெரிய அளவில், ஆடம்பரமாக நடத்தியவர்கள் பிரிட்டிஷ் துரைமார்கள்.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848-ல் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறினார். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்றவர் இவர். நுவரெலியா மலைகளில் இருந்த கடமானை அவர் ‘எல்க்’ என்று அழைத்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் நாய்களை வரவழைத்து, மலை மலையாகக் கடமானை விரட்டினார். மான் ஓடையில் மடங்கி நிற்கும்போது கத்தியோடு இறங்கிக் குத்திக் கொல்வது அவருடைய பாணி. 1850-களில் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார்.

நீலகிரியில் இதற்கென்றே ‘ஊட்டி ஹன்ட்’ இருந்தது. இங்கிலாந்து போல இங்கே செந்நிறக் குள்ளநரி கிடைக்காததால், சிவப்புக் கோட்டும் தொப்பியுமாகக் குதிரையேறி, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நம் ஊர் நரியை விரட்டினார்கள். வேட்டை மிதமிஞ்சிப் போனதும் அவர்களுக்கே கவலை வந்தது. நீலகிரிக்கென 1879-ல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. விலங்கின் மீதிருந்த பரிவு மட்டும் அதற்குக் காரணமல்ல. அடுத்த வருஷம் வேட்டையாட எதுவும் மிஞ்சாதே என்ற பயமும்தான்.

பேக்கர் நாய்களோடு திரிந்த அதே மலைப்பகுதியில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளி, 1988-ல் தேசியப் பூங்கா ஆனது. இன்று அங்கே போகிறவர்கள் காலைப் பனியில் புல்வெளியில் மேயும் கடமான் கூட்டத்தைப் பார்த்துப் படமெடுக்கிறார்கள். விரட்டுவதை நிறுத்தினால் காடு திரும்பி வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இங்கிலாந்தில் எப்படி நின்றது?

நாய் வேட்டைக்குத் தாய்வீடான இங்கிலாந்திலேயே அதற்கு எதிர்ப்பும் பிறந்தது. 1924-ல் ‘லீக் அகைன்ஸ்ட் க்ரூயல் ஸ்போர்ட்ஸ்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. கொடூர விளையாட்டுகளுக்கு எதிரான சங்கம் என்று அர்த்தம். மனு, ஊர்வலம், பிரசாரம் என்று தொடங்கியவர்கள், ஒரு கட்டத்தில் வித்தியாசமான வழியைக் கையிலெடுத்தார்கள். மான் வேட்டை நடக்கும் எக்ஸ்மூர் பகுதியில் நிலங்களை விலைக்கு வாங்கினார்கள். தங்கள் நிலத்துக்குள் வேட்டை நாய்கள் வரக் கூடாது என்றார்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியும் 1991-ல் அங்கே ஒரு காட்டை வாங்கி மான்களுக்கு அடைக்கலமாக விட்டார்.

திருப்புமுனை 1997. பேட்சனின் ஆய்வு வெளியானதும், நாட்டின் மிகப்பெரிய நில உடைமையாளர்களில் ஒன்றான நேஷனல் டிரஸ்ட், தன் நிலங்களில் நாய்களைக் கொண்டு மான் வேட்டையாடுவதற்குத் தடை விதித்தது. ஆய்வின் சில முடிவுகளை மற்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். ஆனாலும், ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மான் கடும் களைப்புக்கு ஆளாகிறது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அரசு நியமித்த பர்ன்ஸ் விசாரணைக் குழுவும் 2000-ம் ஆண்டில், இந்த வேட்டை மானின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்றே சொன்னது.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. 2002 செப்டம்பரில் சுமார் 4 லட்சம் பேர் லண்டனில் திரண்டு ஊர்வலம் போனார்கள். ‘இது எங்கள் கிராமத்துப் பாரம்பரியம், நகரத்துக்காரர்களுக்கு என்ன தெரியும்? வேட்டை நின்றால் எங்கள் நாய்களின் கதி என்ன?’ என்று கேட்டார்கள். நமக்குக் கேட்ட குரல் போலவே இருக்கிறதா? பிரபுக்கள் சபை மசோதாவை எதிர்த்தது. கடைசியில், அந்தச் சபையின் சம்மதம் இல்லாமலேயே நிறைவேற்ற வழிசெய்யும் அரிய சட்டப்பிரிவைப் பயன்படுத்தி, 2004 நவம்பர் 18 அன்று வேட்டைத் தடைச் சட்டம் நிறைவேறியது. 2005 பிப்ரவரி 18-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அமலுக்கு வந்தது. ஸ்காட்லாந்து 2002-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது.

கதை அத்தோடு முடியவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. குறிப்பிட்ட காரணங்களுக்காக இரண்டு நாய்கள் வரை பயன்படுத்தலாம் என்று சட்டத்தில் விலக்கு இருந்தது. ‘ஆராய்ச்சிக்காக’ என்ற பெயரில் அந்த ஓட்டையில் நுழைந்து மானைத் துரத்துவது தொடர்கிறது என்று இன்றும் புகார் சொல்கிறார்கள். காகிதத்தில் தடை வந்தால் மட்டும் போதாது, சுற்றியிருக்கும் ஊர் அதை மனசார ஏற்க வேண்டும். 80 ஆண்டு போராட்டம் சொல்லும் பாடம் இதுதான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் நம் சட்டம் இங்கிலாந்துக்கு முன்னோடி. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில விலங்குகளை லைசென்ஸ் வாங்கி வேட்டையாட இடமிருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. அன்றிலிருந்து பொழுதுபோக்குக்காக யாருக்கும் எந்த மானையும் வேட்டையாட அனுமதி கிடையாது.

‘நான் மானைக் கொல்லவில்லையே, நாய்தானே விரட்டியது?’ என்று யாராவது சொன்னால் அது செல்லாது. ‘வேட்டை’ என்றால் என்ன என்று சட்டம் தெளிவாக வரையறுக்கிறது. கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டி ஓட்டுவது எல்லாமே வேட்டை. அந்தப் பட்டியலில் ‘கோர்ஸிங்’ என்ற சொல்லும் இருக்கிறது. நாயை ஏவி விலங்கைத் துரத்துவதற்கான ஆங்கிலச் சொல் அது. முயற்சி செய்தாலே அதுவும் வேட்டைதான். மான் தப்பித்துவிட்டாலும் குற்றம் தப்பாது.

தண்டனையும் லேசானதல்ல. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடவே அபராதம். 2022-ல் வந்த திருத்தம் குறைந்தபட்ச அபராதத்தை 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தியது. வேட்டைக்குப் பயன்படுத்திய வண்டியும் ஆயுதமும் அரசுக்குப் போய்விடும். வேட்டைக்கே போகாமல், ‘மான் கறி கொஞ்சம் கிடைத்தது’ என்று வாங்கி வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான். இது தவிர, பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கை இன்னொரு விலங்கின் மீது ஏவுவதை 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது.

இதில் பாதிக்கப்படுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் 20 வயதைத் தாண்டிய இளைஞர்கள். போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ தயாராகிக்கொண்டிருக்கும் பையன், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ஓர் இரவு டார்ச்சும் நாயுமாகப் போய் மாட்டிக்கொண்டால், அவன் மீதான வழக்கு வேலைக்கான சரிபார்ப்பில் முன்னால் வந்து நிற்கும். மானோடு சேர்ந்து ஒரு வீட்டின் கனவும் விழுகிறது. நாயோடு நின்று எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பிய வீடியோவே சாட்சியாகிவிடும்.

பொங்கலும் பாரிவேட்டையும்

தென் மாவட்டங்களில் பொங்கலை ஒட்டியும் சிவராத்திரியை ஒட்டியும் நாய்களோடு முயல் வேட்டைக்குக் கிளம்பும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ‘பாரிவேட்டை’ என்றும் அதைச் சொல்வார்கள். முயலும் சட்டம் பாதுகாக்கும் உயிர்தான். அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் வனத்துறையினர் ரோந்து போவதும் எச்சரிக்கை விடுவதும் வழக்கமாகிவிட்டது. முயலில் தொடங்கும் பழக்கம் மானில் போய் முடிவதற்கு அதிக தூரமில்லை.

‘இது பாரம்பரியம். ஜல்லிக்கட்டுக்குப் போராடியவர்கள் இதற்கும் போராட மாட்டோமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. காளை நம் வீட்டுப் பிள்ளை. வாடிவாசலைத் தாண்டினால் மறுபடி நம் தொழுவத்துக்கே வரும். மான் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அது ஓடித் திரும்ப வேண்டிய காட்டை நோக்கித்தான் நாம் நாயை ஏவுகிறோம்.

பாரம்பரியம் என்று பேசினால், அதற்குள்ளேயே விடையும் இருக்கிறது. நம் கோயில்களில் பாரிவேட்டை உற்சவம் நடக்கிறது. சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி ஊர் எல்லை வரை வேட்டைக்குப் போய் வருவார். நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று அம்பு போடும் நிகழ்ச்சியும் பல ஊர்களில் உண்டு. கூட்டம், மேளம், பக்தி எல்லாம் இருக்கும். எந்த விலங்கும் சாகாது. ரத்தம் இல்லாத வேட்டையை நம் முன்னோர்களே நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டமாகக் கூடும் சந்தோஷம்தான் முக்கியம் என்றால், அதற்கு மான் தேவையில்லை.

மேற்கு வங்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே சில மாவட்டங்களில் வேட்டைத் திருவிழாக்கள் உண்டு. ‘ஹீல்’ என்ற அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவற்றைத் தடுக்க உத்தரவு பெற்றது. உத்தரவோடு நிற்காமல், திருவிழா நாளில் ஆற்றங்கரையிலும் ரயில் நிலையங்களிலும் நின்று கண்காணிப்பது, ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவது என்று வேலை தொடர்ந்தது. ஊரை எதிரியாக்காமல் ஊரைக் கூட்டாளியாக்குவதுதான் பலன் தரும் என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

ஒரு மிளா போனால்...

மேகமலை வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் 5-வது புலிகள் காப்பகம் இது. இந்தியாவில் 51-வது. வைகை பிறக்கும் மலைகள் இதற்குள்தான் இருக்கின்றன. மதுரையும் ராமநாதபுரமும் குடிக்கும் தண்ணீர் இந்தக் காட்டை நம்பித்தான் இருக்கிறது.

புலி வாழ வேண்டுமானால் அதற்கு இரை வேண்டும். புலிக்குப் பிடித்த இரைகளில் முதன்மையானது மிளா. மிளா இல்லாத காட்டில் புலி நிற்காது. இரை குறைந்தால் சிறுத்தை ஊருக்குள் ஆட்டையும் நாயையும் தேடி வரும். நாயை ஏவி மிளாவை அடித்தவர்களின் நாயையே சிறுத்தை தூக்கிப்போகும் நாளும் வரலாம்.

‘செந்நாய் கூட்டமாக விரட்டி மானைத் தின்பதில்லையா? நம் நாய் விரட்டினால் மட்டும் தப்பா?’ என்பது இன்னொரு கேள்வி. செந்நாய் காட்டின் பிள்ளை. பசிக்கு மட்டும் வேட்டையாடும். அதன் எண்ணிக்கையைக் காடே கட்டுப்படுத்தும். வீட்டு நாய் நம் சோற்றில் வளர்கிறது. மான் கிடைக்காவிட்டாலும் பட்டினி கிடக்காது. அதனால் காட்டில் ஒரு வகை மான் எவ்வளவு குறைந்தாலும் நாயின் எண்ணிக்கை குறையாது. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்துப் புள்ளிமான்களை நாய்கள் கடித்துக் கொன்றது பல முறை செய்தியானது இப்படித்தான்.

நோயும் ஒரு காரணம். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. பல சிங்கங்களின் உடலில் கேனைன் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் இருந்தது. நாய்களிடம் பரவலாகக் காணப்படும் வைரஸ் அது. தடுப்பூசி போடாத வேட்டை நாய் காட்டுக்குள் போகும்போது, அதன் எச்சிலும் மூச்சும் கூடவே போகிறது. செந்நாய்க்கும் புலிக்கும் அது எமன்.

பயிரை மேய்ந்தால்?

மலையடிவாரத்தில் விவசாயம் செய்கிறவர்களின் கஷ்டத்தை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. ராத்திரியோடு ராத்திரியாக மானும் பன்றியும் இறங்கிக் காட்டை மேய்ந்துவிட்டால், மறுநாள் காலையில் கடன்தான் மிஞ்சும். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால், வேலிக்குள் காவல் நிற்கும் நாய் வேறு. வேலி தாண்டிக் காட்டுக்குள் ஏவும் நாய் வேறு. நாய் குரைத்தால் மான் விலகி ஓடிவிடும். அதற்குத் தடையில்லை. பயிர்ச் சேதத்துக்கு அரசு இழப்பீடு உண்டு. சேதமானதும் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே தகவல் கொடுத்தால்தான் அது கைக்கு வரும். இழப்பீடு தாமதமாகிறது, தொகை போதவில்லை என்ற குறையைச் சத்தமாகக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். விவசாயிக்கு நேரத்தோடு பணம் கிடைத்தால், வேட்டைக்காரருக்கு ஊரில் கிடைக்கும் அனுதாபம் தானாகக் குறையும்.

நாய்க்கு என்ன வேலை?

‘வேட்டை நின்றால் இனமே அழிந்துவிடும்’ என்ற பயம்தான் கோம்பை வளர்ப்பவர்களிடம் அதிகம். நியாயமான பயம்தான். நாட்டு நாய் இனங்கள் ஏற்கெனவே கலப்பாலும், வெளிநாட்டு நாய் மோகத்தாலும் குறைந்துபோனவை. ஆனால், அந்த இனத்தை இன்று காப்பாற்றுவது வேட்டை அல்ல. வீடுகளும் தோட்டங்களும்தான்.

கோம்பையின் திறமை வெறும் விரட்டலில் இல்லை. மோப்பம், எச்சரிக்கை, எஜமான விசுவாசம், வெயிலைத் தாங்கும் உடம்பு. இவை எல்லாவற்றுக்கும் இன்று வேலை இருக்கிறது. கர்நாடகத்தின் முதோல் நாய் ஒருகாலத்தில் முயலையும் மானையும் விரட்டிய வேட்டை நாய். இன்று அதை ராணுவம் பயிற்சிக்கு எடுத்திருக்கிறது. வேட்டையை விட்ட பிறகுதான் அந்த நாய்க்குத் தேசிய அளவில் மரியாதை கூடியது.

இன்னும் சுவாரஸ்யமான விஷயம், நாய்களே இப்போது வேட்டைக்காரர்களைப் பிடிக்கின்றன! ‘டிராஃபிக்’ அமைப்பு 2008-ல் இந்தியாவில் வன உயிரினக் குற்றங்களுக்கான மோப்ப நாய்த் திட்டத்தைத் தொடங்கியது. மறைத்துவைத்த புலித்தோல், தந்தம், மான் கறி, கொம்பு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பல மாநில வனத்துறைகளில் இந்த நாய்கள் பணியில் இருக்கின்றன. 2021-ல் மசினகுடி பகுதியில் ‘டி23’ புலியை உயிரோடு பிடிக்க வாரக்கணக்கில் தேடியபோது, களத்தில் மோப்ப நாய்களும் இறங்கின. மானைத் தேடிப்போன அதே மூக்கு, மானைக் கொன்றவரைத் தேடிப்போகிறது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

இந்தப் பிரசாரத்துக்குப் பெரிய மேடை தேவையில்லை. கோம்பை வளர்ப்பவர்கள் குட்டி விற்கும்போதே, ‘வேட்டைக்கு என்றால் தர மாட்டோம்’ என்று சொல்லலாம். நாய்க் கண்காட்சி நடத்துபவர்கள் கீழ்ப்படிதலுக்கும் மோப்பத்துக்கும் பரிசு கொடுக்கலாம். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். பள்ளிகளில் ஓவியப் போட்டி வைக்கும்போது, ‘எங்க ஊர் நாய், எங்க ஊர் மான்’ என்று ஒரு தலைப்பு கொடுக்கலாம். காட்டோரம் வசிப்பவர்கள் தங்கள் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர் தடுப்பூசியும் தவறாமல் போட்டு, இரவில் அவிழ்த்துவிடாமல் இருந்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

வேட்டை வீடியோ கைக்கு வந்தால் அதை ஃபார்வர்டு செய்யாமல், பக்கத்திலிருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்கலாம். ‘மான் கறி இருக்கிறது’ என்று யாராவது ரகசியமாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்வதே பெரிய பிரசாரம்தான். வாங்க ஆள் இல்லாத இடத்தில் வேட்டையும் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘நாயைக் கூட்டிக்கிட்டு மலைப்பக்கம் போகாதே தம்பி’ என்று அம்மா வாசலில் நின்று சொன்னால், அதற்கு வனத்துறையின் நூறு நோட்டீஸைவிட மதிப்பு அதிகம்.

கோம்பையில் பொழுது சாய்ந்ததும் மேற்கு மலை கறுத்துவிடும். அந்த நேரத்தில் வாசலில் படுத்திருக்கும் செம்பழுப்பு நாய் ஒன்று தலையைத் தூக்கி, காதை விறைத்து மலையைப் பார்க்கும். அங்கே ஏதோ ஒரு சரிவில் மிளா ஒன்று தன் குட்டியோடு தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருக்கும். நாய் இரண்டு முறை குரைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால், இரண்டுக்கும் அந்த ராத்திரி நல்லபடியாக விடியும்.